உங்களுக்குத் தெரியுமா? – நடுக்களத்து நாடோடிகள்

குன்றத்தூர்ப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்தக் காலி மனையை எட்டிப் பார்த்தாலும் கிரிக்கெட்தான். ஆனால் வலை கட்டி, விளக்குப் போட்டு, மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிற டர்ஃப் மைதானங்கள் வந்த பிறகு, ராத்திரி பத்து மணிக்கும் ஃபுட்பால் உதைக்கிற பிள்ளைகளைப் பார்க்க முடிகிறது. முதுகைப் பாருங்கள்: பாதிப் பேருக்கு 7, மீதிப் பேருக்கு 10. எல்லாம் கோல் போடுகிறவர்களின் நம்பர். நடுவில் ஓடி ஓடிப் பந்தைப் பிடுங்கிக் கொடுக்கிற மிட்ஃபீல்டருக்கு ஜெர்சி வாங்க ஆள் குறைவு. ஊர் ஊராக, கிளப் கிளப்பாகச் சுற்றுவதில் மட்டும் அவர்கள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. இந்த வாரம் அவர்கள் கதைதான்.

● சென்னையின் எஃப்.சி. 2018-ல் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கோப்பையைத் தூக்கியபோது அணியின் பயிற்சியாளராக இருந்த ஜான் கிரெகரி, ஒரு காலத்தில் இங்கிலாந்தின் தொழில்முறை மிட்ஃபீல்டர். 1954-ல் ஸ்கந்தோர்ப்பில் பிறந்தவர். நார்தாம்ப்டன் டவுன் என்ற கடைசி டிவிஷன் கிளப்பில் தொடங்கினார். 1977-ல் ஆஸ்டன் வில்லா, 1979-ல் பிரைட்டன், 1981-ல் லண்டனின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ், 1985-ல் டெர்பி கவுண்டி. இரண்டு, நான்கு வருஷத்துக்கு ஒருமுறை பெட்டி கட்டியிருக்கிறார் மனிதர்.

● அந்த ஆஸ்டன் வில்லாவில் இரண்டே வருஷம்தான் இருந்தார். அதற்குள் 2 முதல் 11 வரை எல்லா நம்பர் சட்டையையும் போட்டு ஆடிவிட்டார். இன்றைக்கு இதைச் சொன்னால் பெரிதாகத் தெரியாது. வீரர்களுக்கு நிரந்தர நம்பர் கிடையாத காலம் அது. நிற்கிற இடத்துக்குத்தான் நம்பர். 2 என்றால் வலது பின்களம், 9 என்றால் முன்களம். கோல்கீப்பரின் 1-ஐத் தவிர மற்ற பத்தும் போட்டார் என்றால், பத்து வேலைக்கும் அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

● நம்மூர் டர்ஃபில் விழுந்து முழங்கை தேய்ந்தவர்களுக்கு ஒரு தகவல். இங்கிலாந்துத் தொழில்முறைக் கால்பந்தில் செயற்கைப் புல் விரித்த முதல் கிளப், கிரெகரி ஆடிய அதே குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ்தான். 1981-ல் விரித்தார்கள். பந்து தாறுமாறாக எகிறியது; விழுந்தால் தோல் உரிந்தது. எதிரணிக்காரர்கள் எல்லாரும் திட்டினார்கள். சொந்த மண்ணில் பழகிய ரேஞ்சர்ஸோ, 1982-ல் இரண்டாம் டிவிஷனில் இருந்துகொண்டே எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்துக்குப் போனது. டாட்டன்ஹாமுடன் முதல் ஆட்டம் 1-1. மறு ஆட்டத்தில் ஒரு கோலில் தோல்வி. அடுத்த வருஷம் இரண்டாம் டிவிஷன் சாம்பியன். அந்தச் சூட்டோடு 1983-ல் ஆஸ்திரேலியப் பயணத்தில் கிரெகரிக்கு இங்கிலாந்துச் சட்டை கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 29. மொத்தம் 6 சர்வதேச ஆட்டம்.

● வீரராகப் பல கிளப் மாறியவர், மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்ததும் டிரான்ஸ்ஃபரை எப்படிப் பார்த்தார்? 1998-ல் ஆஸ்டன் வில்லாவின் நட்சத்திரம் டுவைட் யார்க், தன்னை மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு விடச் சொல்லி அவர் அறைக்கு வந்தார். கையில் துப்பாக்கி இருந்திருந்தால் சுட்டிருப்பேன் என்கிற மாதிரி கிரெகரி பிற்பாடு சொன்ன பேச்சு இங்கிலாந்தில் இன்றும் பிரபலம். யார்க் போனார். 1999-ல் லீக், எஃப்.ஏ. கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் வென்ற அணியில் இருந்தார். நியாயம் யார் பக்கம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

● கிரெகரி சென்னை வந்த பாதையும் சுற்றுவழிதான். இஸ்ரேலில் வேலை, கஜகஸ்தானில் வேலை, இங்கிலாந்துச் சிறு கிளப் கிராலி டவுனில் வேலை, அப்புறம் 2017-ல் பெரியமேடு நேரு ஸ்டேடியம். முதல் சீசனிலேயே பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா மைதானத்தில், பெங்களூரு ரசிகர்கள் நடுவில், 2018 மார்ச் 17 அன்று பெங்களூரு எஃப்.சி.யை 3-2 என்று வென்றது சென்னை. பெங்களூருவின் சுனில் சேத்ரி ஒன்பதாவது நிமிஷத்திலேயே கோல் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு பிரேசில்காரர் மைல்சன் ஆல்வெஸ் இரண்டு கோல் போட்டுக் கதையை மாற்றினார். அவர் டிஃபெண்டர் என்பதுதான் வேடிக்கை.

அடுத்த சீசன்? பத்து அணிகளில் பத்தாவது இடம். 18 ஆட்டத்தில் 9 புள்ளி. சாம்பியன் அணி அதே பயிற்சியாளரோடு ஒரே வருஷத்தில் தரை தட்டியது. 2019 நவம்பர் கடைசியில் கிரெகரி விடைபெற்றார்.

● அதே 2018 இறுதி ஆட்டத்தில் சென்னையின் மூன்றாவது கோல் ரஃபேல் அகஸ்டோ போட்டது. அவரும் பிரேசில் மிட்ஃபீல்டர். 2015-ல் சென்னை கோப்பை வென்றபோதும் அணியில் இருந்தவர். 2019-ல் எங்கே போனார் தெரியுமா? பெங்களூரு எஃப்.சி.க்கு. யாரை அழவைத்தாரோ அவர்களிடமே சம்பளம் வாங்கினார். கால்பந்தில் இது துரோகம் இல்லை, வழக்கம்.

● குன்றத்தூர்க்காரர்கள் மறக்க முடியாத 2015 மழைக்கும் ஐ.எஸ்.எல்.லுக்கும் ஒரு தொடர்பு உண்டு. டிசம்பர் 1-ஆம் தேதி ராத்திரி செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி தண்ணீர் திறந்ததும், அடையாறு கரை தாண்டி அனகாபுத்தூர், மணப்பாக்கம், சைதாப்பேட்டை என்று புகுந்ததும் தெரிந்த கதை. விமான நிலைய ஓடுபாதையில் தண்ணீர். அந்த மாதமே சென்னையின் எஃப்.சி. ஐ.எஸ்.எல். அரையிறுதியில் ஆட வேண்டியிருந்தது. சொந்த ஊர் ஆட்டத்தைச் சொந்த ஊரில் நடத்த வழியில்லை. எனவே டிசம்பர் 12 அன்று அந்த ஆட்டம் புனே பாலேவாடியில் நடந்தது. வீட்டில் ஆட வேண்டிய ஆட்டத்தை மராட்டிய மண்ணில் ஆடி, அட்லெடிகோ டி கொல்கத்தாவை 3-0 என்று மடக்கினார்கள். முதல் கோல் புரூனோ பெலிசாரி என்ற இளம் பிரேசில் மிட்ஃபீல்டர் போட்டது. கொல்கத்தாவில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் 2-1 தோல்வி. மொத்தக் கணக்கில் தப்பித்தார்கள்.

டிசம்பர் 20, கோவா ஃபதோர்தா மைதானம், இறுதி ஆட்டம். அங்கேயும் முதல் கோல் பெலிசாரிதான். 87-ஆவது நிமிஷத்தில் கோவா 2-1 என்று முந்தியது. அரங்கமே கொண்டாட ஆரம்பித்துவிட்டது. 90-ஆவது நிமிஷம் கோவா கோல்கீப்பர் கையில் பட்டே பந்து உள்ளே போனது. இரண்டு நிமிஷம் கழித்து சென்னையின் மெண்டோசா அடித்தார். 3-2. வெள்ளத்தில் நனைந்த பாயையும் மெத்தையையும் மாடிச் சுவரில் காயப்போட்டிருந்த ஊருக்கு அன்றைக்கு ராத்திரி சந்தோஷப்பட ஒரு விஷயம் கிடைத்தது. பெலிசாரி? அடுத்த வருஷமே டெல்லி டைனமோஸ்.

● அந்நியர்கள் கதை போதும். வியாசர்பாடி தனபால் கணேஷைத் தெரியுமா? தற்காப்பு மிட்ஃபீல்டர், எதிராளி பந்தோடு வரும்போது குறுக்கே நிற்கிற ஆள். 2018 மார்ச் 13, நேரு ஸ்டேடியம், கோவாவுக்கு எதிரான அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம். சக வீரர் ஜெஜே முதல் கோல் போட்ட மூன்றே நிமிஷத்தில் இரண்டாவது கோல் கணேஷ். ஆட்டம் 3-0. வடசென்னைப் பையன், சொந்த ஊர் மைதானத்தில், அரையிறுதியில் கோல். சினிமாவாக இருந்தால் அங்கே இடைவேளை விட்டிருப்பார்கள். நிஜத்தில் அடுத்த சீசன் முழுக்கக் காயத்தில் போயிற்று.

● சென்னை சிட்டி எஃப்.சி. ஒரே ஒருமுறை ஐ-லீக் சாம்பியன் ஆனது, 2018-19-ல். ஆனால் பெயரில் இருந்த சென்னையில் அவர்கள் ஆடவில்லை. சொந்த மைதானம் கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம். கடைசி நாளில் வென்றே தீரவேண்டும்; மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, ஒரே புள்ளி வித்தியாசத்தில் ஈஸ்ட் பெங்காலை முந்தினார்கள். அந்த வருஷமே சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் அதில் 26 சதவீதப் பங்கை வாங்கியது. இவ்வளவும் நடந்த கிளப் இன்றைக்கு ஐ-லீக்கில் இல்லை. தமிழ்நாட்டுக் கால்பந்தின் தலையெழுத்து இதுதானா என்று கேட்கத் தோன்றுகிறது.

● அந்த சாம்பியன் அணியில் நெஸ்டர் கோர்டில்லோ என்ற ஸ்பெயின் மிட்ஃபீல்டர் இருந்தார். சீசன் முடிந்ததும் புதிதாகப் பிறந்த ஹைதராபாத் எஃப்.சி. அவரை ஒப்பந்தம் செய்தது. எங்களோடு ஒப்பந்தம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று சென்னை சிட்டி புகார் கொடுக்க, அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு அவருக்கு நான்கு மாதம் தடை போட்டது. ஒரு கல்யாணத்தை முறிக்காமல் இன்னொரு தாலி கட்டக்கூடாது என்பது கால்பந்துக்கும் சட்டம்.

● அதே அணியின் இன்னொரு மிட்ஃபீல்டர் எட்வின் சிட்னி வான்ஸ்பால். ஐ-லீக் பதக்கத்தோடு சென்னையின் எஃப்.சி.க்கு வந்தார், 2023-ல் ஈஸ்ட் பெங்கால்.

● கன்னியாகுமரி மாவட்டக் கடலோரத்தின் இரவிபுத்தன்துறை, மைக்கேல் சூசைராஜின் ஊர். இடது காலில் வித்தை காட்டுகிற மிட்ஃபீல்டர். சென்னை சிட்டியில் பெயர் எடுத்தார், 2018-ல் ஜாம்ஷெட்பூர் தூக்கிக்கொண்டு போனது, 2019-ல் கொல்கத்தாவின் ஏ.டி.கே. அண்ணன் தம்பி இருவரும், ரெஜினும் இவரும், அந்த அணியில் ஒன்றாக இருந்தார்கள். 2020 மார்ச் 14, கொரோனா பயத்தில் ஒரு ரசிகர்கூட இல்லாத ஃபதோர்தாவில் ஐ.எஸ்.எல். இறுதி ஆட்டம்; சென்னையின் எஃப்.சி.யை ஏ.டி.கே. 3-1 என்று வென்றது. தமிழ்நாட்டுக்காரருக்குக் கோப்பை கிடைத்தது, தமிழ்நாட்டு அணிக்குக் கிடைக்கவில்லை. அடுத்த சீசனின் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போய், அந்த சீசன் முழுதும் வெளியே உட்கார்ந்தார்.

● நந்தகுமார் சேகர் கதையில் ஒரு விசித்திரம்: வீரர் இருந்த இடத்தில் இருக்க, கிளப் டிரான்ஸ்ஃபர் ஆனது! சென்னைப் பையன், சென்னை சிட்டியில் ஆடிவிட்டு 2017-ல் டெல்லி டைனமோஸுக்குப் போனார். 2019-ல் அந்தக் கிளப்பே மூட்டை கட்டிக்கொண்டு புவனேஸ்வரம் போய் ஒடிசா எஃப்.சி. என்று பெயர் மாற்றிக்கொண்டது. கூடவே போனார். ஓரக்களத்தில் பறக்கிற மிட்ஃபீல்டர் என்று அங்கேதான் பெயர் வந்தது. 2023-ல் ஒடிசா சூப்பர் கோப்பையை வென்றது; இந்திய அணியின் கதவும் அந்த வருஷமே திறந்தது.

பிறகு ஈஸ்ட் பெங்கால். 2023 ஆகஸ்ட் 12, டியூரண்ட் கோப்பை, எதிரே மோகன் பகான். கொல்கத்தாவில் இந்த ஆட்டம் என்றால் குடும்பம் இரண்டாகப் பிரியும், மீன் விலை மாறும் என்பார்கள். ஈஸ்ட் பெங்கால் நாலரை வருஷமாக அவர்களிடம் ஜெயிக்கவே இல்லை. வலது பக்கம் பந்தை வாங்கி, உள்ளே வெட்டி, இடது காலால் சுருட்டி விட்டார் நந்தா. 1-0. முதல் டெர்பியிலேயே ஆயுள் முழுக்க டீ வாங்கித் தர அங்கே ஆள் சேர்ந்துவிட்டது.

இன்னும் இருக்கிறது. 2024 ஜனவரி 28, சூப்பர் கோப்பை இறுதி. மைதானம் புவனேஸ்வரம் கலிங்கா, எதிரணி ஒடிசா. அதாவது பழைய வீடு, பழைய முதலாளி. ஒரு கோல் பின்தங்கியிருந்த ஈஸ்ட் பெங்காலுக்குச் சமன் கோல் போட்டவர் நந்தகுமார். கூடுதல் நேரத்தில் 3-2. பன்னிரண்டு வருஷம் கழித்து அந்தக் கிளப்புக்கு ஒரு தேசியக் கோப்பை. இந்தப் பெயரைச் சொன்னால் கொல்கத்தாவில் ஆட்டோக்காரர் திரும்பிப் பார்ப்பார். நம்மூரில் யார் சார் அது என்று கேட்பார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு.

● பெண்கள் பக்கம் வந்தால் கடலூர் இந்துமதி கதிரேசன். இந்திய அணி மிட்ஃபீல்டர். தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். மதுரையின் சேது எஃப்.சி. 2019-ல் இந்திய மகளிர் லீகை வென்றபோது நடுக்களம் இவருடையது. 2020 ஊரடங்கில் மற்ற வீராங்கனைகள் மொட்டைமாடியில் பயிற்சி செய்துகொண்டிருக்க, இவர் முகக்கவசம் போட்டுக்கொண்டு சென்னைச் சாலையில் வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்தார்.

● இனி கடல் தாண்டி. வீரர் விரும்பினால் கிளப் மாறலாம் என்ற உரிமை ஒரு நாளில் வந்ததில்லை. இங்கிலாந்தில் 1961 ஜனவரி வரை ஒரு வீரருக்கு வாரத்துக்கு 20 பவுண்டுக்கு மேல் கொடுக்கக்கூடாது என்று உச்சவரம்பே இருந்தது. ஜிம்மி ஹில் தலைமையில் வீரர்கள் வேலைநிறுத்தம் வரை போய் அதை உடைத்தார்கள். ஃபுல்ஹாமின் ஜானி ஹெய்ன்ஸ் உடனே வாரம் 100 பவுண்டு வாங்கினார்.

● ஒப்பந்தம் முடிந்தாலும் பழைய கிளப் விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளலாம் என்றொரு விதி. நியூகாசில் அப்படிப் பிடித்துவைத்த ஜார்ஜ் ஈஸ்தம், ஆட மாட்டேன் என்று கிளம்பிப் போய் கார்க் விற்றுப் பிழைத்தார். கடைசியில் 47,500 பவுண்டுக்கு ஆர்சனலுக்கு விட்டார்கள். அதோடு சும்மா இருக்கவில்லை. வழக்கை நடத்தி அந்த விதிக்கு எதிராக 1963-ல் தீர்ப்பும் வாங்கினார்.

● முழு விடுதலை 1995 டிசம்பர் 15-ல். வாங்கிக் கொடுத்தவர் ழான்-மார்க் போஸ்மன், பெல்ஜியத்தின் சாதாரண மிட்ஃபீல்டர். ஒப்பந்தம் முடிந்த வீரர் ஒரு பைசா டிரான்ஸ்ஃபர் கட்டணம் இல்லாமல் போகலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. பலனைக் கொழுத்த அளவில் அனுபவித்தவர்களில் ஒருவர் லிவர்பூல் மிட்ஃபீல்டர் ஸ்டீவ் மெக்மனமன். 1999-ல் சும்மா கிளம்பி ரியல் மாட்ரிட் போனார், அடுத்த வருஷம் சாம்பியன்ஸ் லீக் இறுதியில் கோல் போட்டார். போஸ்மனுக்கு வழக்கு நடத்தியதில் ஆட்ட வாழ்க்கையே போய்விட்டது.

● ரியல் மாட்ரிட் 2023-ல் இன்னொரு இங்கிலாந்து மிட்ஃபீல்டரை 103 மில்லியன் யூரோ கொடுத்து வாங்கியது: ஜூட் பெல்லிங்ஹாம். பர்மிங்ஹாம் சிட்டியில் அவர் போட்டது 22. ஏன் 22? தற்காப்பு மிட்ஃபீல்டருக்கு 4, மைதானம் முழுக்க ஓடுகிறவருக்கு 8, ஆட்டத்தை வகுக்கிறவருக்கு 10. மூன்று வேலையும் உன்னால் முடியும் என்று சிறுவயதுப் பயிற்சியாளர் கூட்டிக் கொடுத்த எண் அது. 17 வயதில் அவர் டார்ட்மண்டுக்குப் போனபோது பர்மிங்ஹாம் அந்த 22-ஐ யாருக்கும் தராமல் நிறுத்திவிட்டது. சிலர் சிரித்தார்கள்.

● நாடு விட்டு நாடு போகிற டிரான்ஸ்ஃபரில் கொடுக்கப்படும் தொகையில் 5 சதவீதம், அந்த வீரரை 12 வயதிலிருந்து 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பங்கு போகும். 12 முதல் 15 வயது வரை வருஷத்துக்குக் கால் சதவீதம், 16-லிருந்து அரை சதவீதம். மாமல்லபுரம் பக்கம் எஃப்.சி. மெட்ராஸ் போன்ற தங்கிப் படிக்கும் அகாடமிகளுக்குப் பிள்ளையை அனுப்பலாமா என்று யோசிக்கிற பெற்றோர் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய விதி இது. முறையாகப் பதிவு செய்யப்பட்ட கிளப்பில் ஆடினால்தான் இந்தக் கணக்கெல்லாம். ஒப்பந்தம் முடிந்து சும்மா போனால் தொகையே கிடையாது, பங்கும் கிடையாது.

● ஹம்சா சவுத்ரி, லெஸ்டர் சிட்டியின் மிட்ஃபீல்டர். பர்டன், வாட்ஃபோர்டு, ஷெஃபீல்டு யுனைடெட் என்று இரவல் போய் வந்தவர். வெளியூர்க் கிளப் சில காலம் ஆடவைத்துக்கொண்டு திருப்பி அனுப்புவதுதான் இந்த இரவல். தாய்வழியில் வங்கதேசம் என்பதால் 2025 மார்ச் 25 அன்று ஷில்லாங்கில் இந்தியாவுக்கு எதிராக வங்கதேசச் சட்டையில் இறங்கினார். ஆட்டம் 0-0.

● அப்படியானால் இங்கிலாந்துத் தொழில்முறைக் கால்பந்தில் தமிழர் யாரும் இல்லையா? இருக்கிறார். விமல் யோகநாதன், மிட்ஃபீல்டர். இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு மகனாக வேல்ஸ் நாட்டில் பிறந்து வளர்ந்தவர். சிறுவனாக லிவர்பூல் அகாடமி, பிறகு பர்ன்லி, பிறகு பார்ன்ஸ்லி. 2024 ஆகஸ்டில் லீக் கோப்பை ஆட்டத்தில் பார்ன்ஸ்லி முதல் அணிக்காக இறங்கினார். அப்போது வயது 18. இங்கிலாந்துத் தொழில்முறைக் கால்பந்தில் ஆடிய முதல் தமிழர் என்று பத்திரிகைகள் எழுதின. லிவர்பூல் மாதிரி ஓர் இடத்திலிருந்து வெளியேறிய பையன்களில் பெரும்பாலானவர்கள் பதினெட்டு வயதுக்குள் காணாமல் போய்விடுவார்கள். இவர் இரண்டு படி இறங்கி, மறுபடி ஏறி வந்தார். யாழ்ப்பாணத்திலும் குன்றத்தூரிலும் ஒரு பெயர் ஜெர்சியில் அச்சடிக்க வேண்டும் என்றால் என் ஓட்டு இவருக்கு.

● கடைசியாக ஓர் உபயோகமான தகவல். நேரு ஸ்டேடியத்தில் ஆட்டம் அறிவித்தால் குன்றத்தூரிலிருந்து பஸ் பிடித்துப் பல்லாவரம். அங்கிருந்து பீச் போகிற மின்சார ரயிலில் பூங்கா நிலையம். இறங்கினால் பெரியமேடு நடக்கிற தூரம்தான். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு பத்து நிமிஷம் பந்தை விட்டுவிட்டு நடுவில் நிற்கிற ஒருவரை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டம் முடிய ராத்திரி ஒன்பதரை ஆகிவிடும். திரும்பி வர ரயில் நேரத்தை முன்கூட்டியே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.